'விரைவில் வரும்' என்ற வரி இல்லாத இணையதளம்: மாணவர் திட்டத்துக்கு உள்ளடக்கம் தயாரிக்கும் முழு வழி

மாணவர்கள் செய்யும் இணையதளத் திட்டங்களில் அரைகுறையாக நின்றுபோனவற்றை எளிதில் அடையாளம் காணலாம். முகப்புப் பக்கம் பளபளக்கும், படங்கள் தாமாக நகரும், மெனுவில் ஏழு பெயர்கள் வரிசையாக நிற்கும். நான்காவது பெயரைச் சொடுக்கினால் 'விரைவில் வரும்' என்ற ஒற்றை வரி. ஐந்தாவதில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய நான்கு பத்திகள். 'எங்களைப் பற்றி' பக்கம் மட்டும் குறையே இல்லாமல் இருக்கும்! இந்தக் குழுவுக்கு நிரல் எழுதத் தெரியும், வடிவமைக்கவும் தெரியும். என்ன எழுதப் போகிறோம் என்ற கேள்வியைத்தான் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே இந்த வழிகாட்டியில் நிரல், வார்ப்புரு, நிறம் பற்றிய பேச்சு இல்லை. தளம் கட்டும் கருவியைத் திறப்பதற்கு முன் உங்கள் கையில் என்னென்ன இருக்க வேண்டும், அவற்றை எந்த வரிசையில் சேர்ப்பது என்பதை மட்டும் பார்க்கலாம். ஆறு வாரத் திட்டம் என்றால் முதல் மூன்று வாரம் இதற்கே போகட்டும். பாதி நாள் போய்விட்டதே என்று பதற வேண்டாம். பொருள் தயாராக இருந்தால் மீதி வேலை வேகமாக ஓடும். எடுத்துக்காட்டுக்காக, நான்கு பேர் சேர்ந்து தேனீக்களைப் பற்றி ஒரு தளம் செய்வதாக வைத்துக்கொள்வோம்.

முதல் படி: தளத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

'தேனீக்கள்' என்பது ஒரு தலைப்பு, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைக்கூடத் திட்டமிட முடியாது. யாருக்காக எழுதுகிறீர்கள், படித்து முடித்தபின் அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற இரண்டும் அடங்கிய ஒரு வாக்கியம் தேவை. இப்படி: 'தேனீயைக் கண்டாலே ஓடும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு, ஒரு கூட்டுக்குள் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று காட்டும் தளம்.'

எதையெல்லாம் விட்டுவிடலாம் என்பதையும் இந்த வாக்கியமே சொல்லிவிடும். தேனின் மருத்துவ குணங்கள் வேண்டாம், தேன் வணிகம் வேண்டாம், தேனீ வளர்ப்பின் வரலாறும் வேண்டாம். 'இது அனைவருக்குமான தளம்' என்று சொல்லும் குழுவுக்கு எதையும் விட மனம் வராது. பிறகு எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் எழுதி எதையும் முடிக்காமல் நிற்பார்கள். மதிப்பெண் போடப்போகும் ஆசிரியரை வாசகராக நினைத்து எழுதுவதும் இதே போன்ற பிழைதான். அவருக்குத் தெரிந்ததை அவருக்கே ஒப்பிப்பது போல நடை விறைத்துப்போகும்.

வாக்கியத்தை ஒரு தாளில் எழுதி நால்வரும் ஒப்புக்கொள்ளுங்கள். பின்னாளில் 'இதையும் சேர்க்கலாமா?' என்ற சண்டை வரும்போது தீர்ப்புச் சொல்ல அந்தத் தாள் இருக்கும்.

இரண்டாம் படி: பக்கங்களுக்கு முன் கேள்விகள்

பெரும்பாலான குழுக்கள் மெனுவிலிருந்து தொடங்குகின்றன. முகப்பு, அறிமுகம், வகைகள், பயன்கள், படத்தொகுப்பு, தொடர்பு என்று எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் பெயர்களை எழுதிவிட்டு, அவற்றை நிரப்பப் பொருள் தேடி அலைகின்றன. அதற்குப் பதிலாகக் கேள்விகளிலிருந்து தொடங்குங்கள். உங்கள் வாசகரைப் போன்ற ஐந்தாறு பேரிடம் 'தேனீயைப் பற்றி உனக்கு என்ன தெரிய வேண்டும்?' என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கொட்டினால் தேனீ செத்துவிடுமா? ராணி எப்படி ராணி ஆகிறது? பூ இருக்கும் இடத்தை மற்றவற்றுக்கு எப்படிச் சொல்கிறது? இரவில் தூங்குமா? நீங்கள் உட்கார்ந்து யோசித்தால் இந்தக் கேள்விகளில் பாதிகூட வராது.

முப்பது, நாற்பது கேள்விகள் சேர்ந்ததும் ஒவ்வொன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் பரப்புங்கள். குழுவில் இல்லாத ஒருவரை அழைத்து, சேர்ந்திருக்க வேண்டியவற்றை அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கி முடித்ததும் ஒவ்வோர் அடுக்குக்கும் பெயர் வைக்கச் சொல்லுங்கள். இணைய வடிவமைப்பாளர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் பயிற்சி இது. சீட்டும் பேனாவும் போதும். அவர் அடுக்கிய அடுக்குகள் உங்கள் பக்கங்கள், அவர் வைத்த பெயர்கள் உங்கள் மெனு. இரண்டு மூன்று பேரிடம் செய்து பார்த்தால் எந்தச் சீட்டு ஒவ்வொருவரிடமும் வேறு வேறு அடுக்குக்குப் போகிறது என்பது தெரியும். அந்தக் கேள்வியை இரண்டு பக்கங்களிலிருந்தும் எட்டும்படி இணைப்புக் கொடுக்க வேண்டும்.

நால்வர் குழு மூன்று வாரத்தில் ஒழுங்காக எழுதி முடிக்கக்கூடியது ஆறு பக்கம், மிஞ்சினால் எட்டு. பதினைந்து அடுக்கு வந்திருந்தால் முதல் வாக்கியத்தை எடுத்துப் பார்த்துக் குறையுங்கள். ஆறு முழுப் பக்கம் இருக்கும் தளத்தை யாரும் சிறியது என்று குறைசொல்வதில்லை. எழுதாத ஒரு பக்கம்தான் கண்ணை உறுத்தும்.

மூன்றாம் படி: பக்க அட்டவணை

கூகுள் ஷீட்ஸ், எக்செல் அல்லது ஒரு நோட்டுப் புத்தகம், ஏதாவது ஒன்று. ஒரு வரிசைக்கு ஒரு பக்கம். பக்கத்தின் பெயர், அது பதில் சொல்லும் கேள்விகள், எழுதுபவர், சரிபார்ப்பவர், தேவைப்படும் படங்கள், முடிய வேண்டிய நாள், இப்போதைய நிலை என்று நெடுவரிசைகள் இருந்தால் போதும். எழுதுபவரும் சரிபார்ப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. 'எல்லோரும் சேர்ந்து எழுதுவோம்' என்று எந்தக் கட்டத்திலும் போடாதீர்கள். அந்தப் பக்கத்தை எழுத ஆளே இல்லை என்றுதான் அதற்குப் பொருள்.

நான்காம் படி: தகவல் திரட்டும்போதே மூலத்தையும் குறியுங்கள்

மாணவர் தளங்கள் மதிப்பை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

'பூமியிலிருந்து தேனீக்கள் மறைந்தால் மனிதன் நான்கே ஆண்டுகள்தான் வாழ முடியும் என்று ஐன்ஸ்டீன் சொன்னார்.' தேனீயைப் பற்றித் தேடினால் இந்த வரி நூறு இடங்களில் வந்து விழும். ஐன்ஸ்டீன் இதைச் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை. ஒரு தளத்தைப் பார்த்து இன்னொரு தளம் எழுதியதே இத்தனை இடங்களில் பரவக் காரணம். ஆக, பத்து இடத்தில் இருக்கிறது என்பது ஆதாரம் ஆகாது. அந்தப் பத்தும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவையா என்றுதான் பார்க்க வேண்டும். யார் சொன்னார், எப்போது, எந்த நூலில் அல்லது பேச்சில் என்ற மூன்றுக்கும் விடை இல்லாத மேற்கோளைத் தொடவே வேண்டாம்.

பாதி உண்மை இன்னும் வழுக்கும். 'முட்டையிலிருந்து வேலைக்காரத் தேனீ உருவாக 21 நாள் ஆகும்' என்பது தவறில்லை, ஆனால் அது ஐரோப்பியத் தேனீக்கான கணக்கு. அதே இனத்தில் ராணிக்கு 16 நாள், ஆண் தேனீக்கு 24 நாள். இனம் மாறினால் எண்ணும் சற்று மாறும். எந்த இனம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எடுத்து வைத்தால் வாசகர் தம் வீட்டுப் பக்கம் பார்க்கும் தேனீக்கும் அதுதான் என்று எடுத்துக்கொள்வார். அதேபோல, பூ இருக்கும் இடத்தை மற்றவற்றுக்குச் சொல்லத் தேனீக்கள் ஆடும் நடனத்தின் பொருளைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார் என்பது சரி. அந்தப் பரிசு கான்ராட் லோரன்ஸ், நிக்கோலாஸ் டின்பெர்கன் ஆகியோருடன் பகிரப்பட்டது, மருத்துவப் பிரிவில் தரப்பட்டது என்பவற்றையும் சேர்த்தால்தான் வாக்கியம் நேராக நிற்கும்.

இவற்றையெல்லாம் பிடிக்க ஒரு பழக்கம் போதும். ஒவ்வொரு தகவலையும் குறிக்கும்போதே அதன் மூலத்தையும் எழுதிவிடுங்கள்: நூலா, இணையப் பக்கமா, யாருடைய பேச்சா, எந்த நாளில் பார்த்தது. பிறகு தேடி எழுதலாம் என்று விட்டால் கிடைக்காது. மூலத்தில் உள்ள வரிகளை அப்படியே நகலெடுத்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இரண்டு வாரம் கழித்து அது உங்கள் சொந்த வாக்கியமா, அயலாரின் வாக்கியமா என்று உங்களுக்கே மறந்திருக்கும். தெரியாமல் நடக்கும் திருட்டுகளில் பாதி இப்படித்தான் நடக்கிறது.

விக்கிப்பீடியாவைப் படிக்கலாமா என்று மாணவர்கள் தயங்கிக் கேட்பார்கள். தாராளமாகப் படியுங்கள். ஆனால் அங்கேயே நிற்காமல், அடிக்குறிப்பில் உள்ள மூலத்துக்குப் போங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இதைவிட ஒரு படி ஆபத்தானவை. உண்மையை எழுதும் அதே சரளத்தோடு இல்லாததையும் எழுதிவிடும், மூலம் கேட்டால் இல்லாத நூலின் பெயரைக்கூடத் தரும். கேள்விகளை யோசிக்கவும், நீங்கள் எழுதியதில் புரியாத இடத்தைக் காட்டவும் அவற்றைப் பயன்படுத்தலாம். தகவலுக்கு மட்டும் நம்ப வேண்டாம். எந்த அளவு அனுமதி உண்டு என்பதை ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இவற்றையெல்லாம் விடத் தளத்துக்கு உயிர் கொடுப்பது நீங்களே சேர்க்கும் பொருள். பூத்திருக்கும் ஒரு செடியின் முன் தினமும் ஒரே நேரத்தில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, எத்தனை முறை தேனீ வந்தது என்று ஒரு வாரம் எண்ணுங்கள். ஏழு எண்கள் கிடைக்கும். வேறு எந்தத் தளத்திலும் இல்லாத ஏழு எண்கள்! தேனீ வளர்ப்பவர் ஒருவரிடம் அரை மணி பேசினால் ஒரு பக்கத்துக்கான பொருள் கிடைத்துவிடும். பேட்டி எடுக்கும்போது அதைத் தளத்தில் வெளியிடப்போகிறோம் என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். எழுதிய பகுதியை அவரிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: எழுதுதல்

1997இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் ஜான் மோர்க்ஸும் இணையத்தில் மக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஆராய்ந்தபோது, பங்கேற்றவர்களில் 79 சதவீதத்தினர் புதிய பக்கத்தை மேலோட்டமாகக் கண்ணோட்டியதையும், சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம்தான் என்பதையும் கண்டார்கள். திரையும் கருவியும் அதற்குப்பின் எவ்வளவோ மாறிவிட்டன. அந்த அவசரம் மட்டும் குறையவில்லை. நீங்கள் பிற தளங்களை எப்படிப் படிக்கிறீர்கள் என்று யோசித்தாலே விளங்கும்.

எனவே விடையை முதல் வரியில் வையுங்கள். 'தேனீக்கள் இயற்கையின் அற்புதப் படைப்பு' என்று தொடங்கும் பத்தியை யாரும் இரண்டாம் வரி வரை படிக்கமாட்டார்கள். 'ஐரோப்பிய வேலைக்காரத் தேனீ மனிதரைக் கொட்டினால் பெரும்பாலும் இறந்துவிடும். அதன் கொடுக்கில் முட்கள் இருப்பதால் தோலில் சிக்கிக்கொள்கிறது' என்று தொடங்கினால் படிக்க வந்தவர் நிற்பார். கட்டுரைப் போட்டிக்குக் கற்ற முன்னுரையை இங்கே மறந்துவிடலாம்.

ஒரு பத்தியில் ஒரு செய்தி. மூன்று, நான்கு வாக்கியத்துக்கு மேல் போனால் கைபேசித் திரையில் அது சுவராகத் தெரியும். துணைத்தலைப்பு உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும். 'ராணியின் சிறப்புகள்' என்பதைவிட 'ராணியை உருவாக்குவது உணவுதான்' என்பது கண்ணோட்டுபவருக்கும் ஏதோ ஒன்றைத் தந்துவிட்டுப் போகும். இணைப்புக்கு 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதாதீர்கள். சொடுக்கினால் எங்கே போகும் என்பதே இணைப்பின் சொற்களாக இருக்கட்டும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் ஒரு பக்கத்தின் இணைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்துக் காட்டக்கூடியவை. ஒன்பது 'இங்கே' கேட்டால் அவர் எதைத் தேர்வார்?

தமிழில் எழுதுவோருக்கென்று சில தனி வேலைகள் உண்டு. முதலாவது எழுத்துரு. யூனிகோடுக்கு (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியேற்ற முறை) முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கோப்பிலிருந்து பத்திகளை எடுத்து ஒட்டினால், தளத்தில் அது புரியாத குறிகளாகச் சிதறும். எழுத்துருவை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் குறியேற்றமே வேறு. எழுத்துரு மாற்றி கொண்டு முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். மாற்றியபின் ஒருமுறை வரிவரியாகப் பாருங்கள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்பது வழக்கம்.

இரண்டாவது, சொல் ஒழுங்கு. ஒருவர் 'இராணித் தேனீ' என்பார், இன்னொருவர் 'ராணித் தேனீ' என்பார், மூன்றாமவர் 'ராணி ஈ' என்பார். ஒரே தளத்தில் மூன்றும் இருந்தால் மூன்று வெவ்வேறு பூச்சிகள் என்று பிள்ளைகள் நினைக்கக்கூடும். தேடல் பெட்டியும் ஏமாற்றும். தளம் முழுவதற்கும் ஒரு பக்க அளவில் சொற்பட்டியல் தயாரியுங்கள்: எந்தப் பொருளுக்கு எந்தச் சொல், எண்களை எப்படி எழுதுவது, ஆங்கிலப் பெயர்களைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது. ஒற்று மிகுமா என்ற விவாதத்துக்கும் அங்கேயே முடிவு கட்டிவிடுங்கள்.

மூன்றாவது வடிவமைப்போடு தொடர்புடையது. வடிவமைப்பாளர்கள் இடத்தை நிரப்ப 'லோரம் இப்சம்' என்ற பொருளற்ற இலத்தீன் வரிகளை இடுவார்கள். கி.மு. 45இல் ரோமானிய அறிஞர் சிசரோ எழுதிய நூலொன்றின் வரிகளைச் சிதைத்து எடுத்தவை அவை. இலத்தீன் சொற்கள் குறுகியவை. அவற்றை வைத்துப் பொத்தானையும் மெனுவையும் அளந்துவிட்டு, பிறகு 'மகரந்தச்சேர்க்கை' என்று ஒட்டினால் சொல் இரண்டாக உடையும் அல்லது பெட்டியைத் தாண்டி வழியும். உண்மையான தமிழ் உரையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வடிவமைப்பைத் தொடங்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆறாம் படி: படங்கள்

கூகுள் படத் தேடலில் கிடைத்தது என்பது ஒரு படத்தை எடுத்துப் போட அனுமதி ஆகாது. மாணவர் திட்டம்தானே என்பதும் பொதுவெளியில் இருக்கும் தளத்துக்குச் சரியான சமாதானம் இல்லை. முதல் தேர்வு நீங்களே எடுத்த படம், அடுத்தது நீங்களே வரைந்தது. அதற்கும் பிறகுதான் விக்கிமீடியா காமன்ஸ் போன்ற இடங்களில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு கிடைப்பவை.

அந்த உரிமங்களும் ஒரே மாதிரி இல்லை. சில, எடுத்தவரின் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்பவை. சில, நீங்கள் மாற்றி அமைத்ததையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பவை. வணிகப் பயன் கூடாது என்பவையும், படத்தை மாற்றவே கூடாது என்பவையும் உண்டு. கடைசி வகைப் படத்தை வெட்டியோ மேலே எழுத்துப் பதித்தோ வெளியிடுவதும் மீறல்தான். படத்தைப் பதிவிறக்கும் அதே நிமிடத்தில் அதன் தலைப்பு, எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், கிடைத்த முகவரி ஆகிய நான்கையும் அட்டவணையில் எழுதுங்கள்.

கைபேசிப் படங்களுக்கு இரண்டு எச்சரிக்கை. 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000 புள்ளி அளவில் சில எம்பி எடையோடு இருக்கும். பத்துப் படம் போட்டால் பக்கம் நகராது. அகலத்தை 1600 புள்ளிக்குக் குறைத்துச் சேமித்தால் எடை சில நூறு கேபிக்கு இறங்கிவிடும், கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. மூலப் படத்தை மட்டும் தனியாக வைத்திருங்கள். இரண்டாவது, இருப்பிட வசதி இயங்கும் கைபேசி எடுத்த இடத்தின் ஆயங்களைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடும். வீட்டு வாசலில் எடுத்த தேனீப் படத்தோடு வீட்டின் இருப்பிடமும் ஊருக்குப் போகலாம். வெளியிடும் முன் அந்தத் தகவலை நீக்குங்கள். படத்தில் பிள்ளைகளின் முகம் தெரிந்தால் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும். இல்லையென்றால் முகம் தெரியாத கோணத்தில் எடுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை எழுதுங்கள். படத்தைக் காண முடியாதவருக்குத் திரைவாசிப்பான் அதைத்தான் சொல்லும். 'தேனீ' என்பது போதாது. 'பின்னங்காலில் மஞ்சள் மகரந்த உருண்டையோடு பூவில் இறங்கும் தேனீ' என்பது படத்தின் வேலையைச் செய்யும்.

ஏழாம் படி: கோப்புப் பெயர்கள்

சின்ன விஷயம்தான், ஆனால் கடைசி இரவைக் கெடுப்பது இதுவாகத்தான் இருக்கும். கோப்பின் பெயரில் இடைவெளி விடாதீர்கள், சிறிய ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு இவை மட்டும் போதும். கோப்பின் பெயரில் பெரிய எழுத்தும் இணைப்பில் சிறிய எழுத்துமாக இருந்தால் உங்கள் கணினியில் திறக்கலாம், தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் பல வழங்கிகளில் திறக்காது. தமிழில் பெயர் வைக்க ஆசை வரும். ஆனால் யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் எடுக்கும், முகவரியை நகலெடுக்கும்போது அது ஒன்பது எழுத்தாக விரியும். த, ஏகாரக் குறி, ன, ஈகாரக் குறி என நான்கு குறி கொண்ட 'தேனீ' என்ற சிறு சொல்லே முப்பத்தாறு எழுத்தாகிவிடும். 'கடைசி', 'கடைசி-புதியது', 'உண்மையில்-கடைசி' என்று கோப்புகள் பெருகாமல் தேதியைப் பெயரில் சேருங்கள்.

எட்டாம் படி: யாரும் நினைவு வைக்காத சிறு வரிகள்

பக்கங்களை எழுதியபின் மீதமிருக்கும் உதிரிகளைப் பட்டியலிடுங்கள். உலாவியின் தாவலில் தெரியும் பக்கத் தலைப்பு, தேடல் முடிவில் வரும் இரண்டு வரி விளக்கம், பொத்தான்களின் சொற்கள், படிவம் நிரப்பினால் வரும் நன்றி, தவறாக நிரப்பினால் வரும் செய்தி, இல்லாத பக்கத்துக்குப் போனால் தோன்றும் வரி, அடிப்பகுதியில் உரிமையும் நன்றியும். இவற்றை யாரும் எழுதாவிட்டால் கருவி தன் ஆங்கில வரிகளை வைத்துவிடும். பிழைச் செய்தியில் வாசகரைக் குற்றம் சொல்லாதீர்கள். 'தவறான உள்ளீடு' என்பதைவிட 'மின்னஞ்சல் முகவரியில் @ விடுபட்டிருக்கிறது' என்பது உதவும்.

ஒன்பதாம் படி: சரிபார்ப்பு

எழுதியவர் தம் பிழையைக் காணமாட்டார். மூளை சரியானதையே படித்துக்கொள்ளும். சரிபார்ப்பவர் உரக்கப் படிக்கட்டும். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீளம், நாக்கு தடுக்கும் இடத்தில் சொல் பிசகு. அடுத்த சுற்றில் எண்கள், பெயர்கள், ஆண்டுகளை மட்டும் எடுத்து மூலக் குறிப்போடு ஒப்பிடுங்கள். இரண்டையும் ஒரே சுற்றில் செய்ய முயன்றால் இரண்டும் கெடும்.

பிறகு அந்தத் தேனீயைக் கண்டு ஓடும் பிள்ளைகளில் ஒருவரை அழைத்து, உரையைக் கைபேசியில் கொடுத்து, 'கூட்டுக்குள் ஆண் தேனீக்கு என்ன வேலை என்று கண்டுபிடி' என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். அவர் தடுமாறும்போது உதவ வேண்டும் என்று கை பரபரக்கும். உதவக் கூடாது. தளம் வெளியானபின் வாசகர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கப் போவதில்லையே!

பத்தாம் படி: பூட்டு

ஒரு நாளைக் குறித்து, அன்று மாலையோடு உரையைப் பூட்டுங்கள். அதற்குப்பின் பிழைத்திருத்தம் மட்டும், புதிய பத்தி கிடையாது. பக்கத்துக்கு ஒரு கோப்புறை. அதற்குள் உரைக் கோப்பு, அளவு குறைத்த படங்கள், மாற்று உரை, பட நன்றி, மூலப் பட்டியல். மூலமாகக் காட்டிய இணையப் பக்கங்கள் நாளை மறைந்துபோகலாம். ஆகவே அவற்றின் முகவரிகளை இணையப் பக்கங்களின் படிகளைக் காத்துவைக்கும் இண்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் சேமித்து, அந்தச் சேமிப்பு முகவரியையும் பட்டியலில் எழுதுங்கள். முழுக் கோப்புறையின் ஒரு படி இணையத்தில், ஒரு படி பென்டிரைவில், ஒன்று குழுவில் வேறொருவரின் கணினியில். அட்டவணையில் 'நிலை' நெடுவரிசை முழுவதும் 'முடிந்தது' என்று வந்துவிட்டதா? இனி தளம் கட்டும் கருவியைத் திறக்கலாம்.